எம்டன் குண்டு போட்ட கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனைப் பக்கம் யாரோடு போனாலும் உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலை ஒட்டி இருக்கும் ஒரு கல்லைக் காட்டாமல் நான் திரும்புவதில்லை. 1914-இல் எம்டன் போட்ட குண்டு விழுந்த இடம் என்று அதில் எழுதியிருக்கும். காட்டிய அடுத்த நிமிடமே கேள்விகள் ஆரம்பித்துவிடும், அதுவும் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் கேட்டவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எம்டன்னா யாரு? ஆளா, கப்பலா?

கப்பல். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் எம்டன் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது, அதன் பெயரைத்தான் இந்தப் போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். 1908-இல் கடலில் இறக்கினார்கள், மறு வருடம் கடற்படைப் பணியில் சேர்ந்தது. சுமார் 118 மீட்டர் நீளம், மூன்று புகைபோக்கிகள், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்களோடு ஒப்பிட்டால் இது சின்னப் பையன்தான். வேகமாக ஓடும், அடித்துவிட்டுத் தப்பிக்கும், நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிற ரகமில்லை.

கப்பலின் கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். கதைகளில் "எம்டன் என்ற ஜெர்மன்காரன்" என்று வருவதெல்லாம் கப்பலும் கேப்டனும் ஒன்றாகக் குழைந்து போனதால் வந்தது.

நீர்மூழ்கிக் கப்பல்தானே அது? தண்ணிக்கு அடியிலேயே வந்து சுட்டுச்சுன்னு படிச்சேனே?

இல்லை. இதை எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணவே முடியாது, சில வார இதழ்களில் கூடப் பார்த்திருக்கிறேன். எம்டன் நிலக்கரி எரித்து, மூன்று புகைபோக்கி வழியாகக் கரும்புகை கக்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேலேயே ஓடிய கப்பல்.

இருட்டில் வந்து, அடித்துவிட்டு, விடிவதற்குள் காணாமல் போனால் மக்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? "முங்கிப் போயிருக்கும்" என்பதுதான் எளிய விளக்கம். பிற்பாடு ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பற்றிய செய்திகள் வந்து சேர்ந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று நினைக்கிறேன்.

ஜெர்மனி எங்கே, மெட்ராஸ் எங்கே? அவ்வளவு தூரம் யார் கண்ணுலயும் படாம எப்படி வந்துச்சு?

ஜெர்மனியிலிருந்து வரவில்லை, சீனாவிலிருந்து வந்தது. சீனக் கரையில் சிங்தாவ் என்ற துறைமுகம் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது, எம்டனுக்கு அதுதான் வீடு. போர் மூளும் என்று தெரிந்ததும் 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்து கிளம்பி, பசிபிக்கில் இருந்த ஜெர்மன் கப்பல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. கூட்டத்தின் தலைவர் அட்மிரல் ஸ்பே. எல்லோரும் தென் அமெரிக்கா பக்கம் போவது என்று அவர் முடிவெடுத்தபோது, ஒரே ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புங்கள் என்று முல்லர் கேட்டார். சரி, நீங்களே போங்கள் என்று விட்டுவிட்டார்கள். கூட வந்தது மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பல் மட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலேயரின் அந்த வகைப் போர்க்கப்பல்களுக்கு நான்கு புகைபோக்கிகள், எம்டனுக்கு மூன்று. அதனால் மாலுமிகள் நான்காவதாகப் பொய்யாக ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆங்கிலேயக் கப்பல் மாதிரியே தெரியும், ஆகவே பல சரக்குக் கப்பல்கள் "நம்மாளு" என்று நினைத்துத் தாமாகவே பக்கத்தில் வந்து மாட்டின. செப்டம்பர் 10-இல் இருந்து வங்காள விரிகுடாவில் ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் பிடித்து மூழ்கடித்த ஆங்கிலேயக் கப்பல் பெயர் இண்டஸ், நம் சிந்து நதிதான். அதில் பெட்டி பெட்டியாக சோப்பு இருந்ததாம். வாரக்கணக்கில் சோப்பில்லாமல் நிலக்கரித் தூசியில் கிடந்த மாலுமிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி.

அன்னிக்கு ராத்திரி என்னதான் நடந்துச்சு? சரியா சொல்லுங்க.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, மெல்லிய பிறையும் சீக்கிரமே மறைந்துவிட்டது, நல்ல இருட்டு. நவராத்திரி தொடங்கிய சமயம் என்பதையும் நினைத்துப் பாருங்கள், வீடுகளில் கொலு. போர் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்ற எண்ணத்தில் நகரத்தில் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. அப்போது கலங்கரை விளக்கம் மெரினாவில் கிடையாது, உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தின் மேலேயே இருந்தது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டு எம்டனுக்கு வழி காட்டியது.

இரவு ஒன்பதரை மணி வாக்கில், கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்துப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட ஆரம்பித்தது. சுட்டது சுமார் 130 குண்டுகள், நேரம் அரை மணிக்குள். தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலிலும் குண்டு விழுந்தது, சில குண்டுகள் தாண்டிப் போய் நகருக்குள் விழுந்தன, அதில் ஒன்றுதான் நீதிமன்ற மதில் குண்டு. இறந்தவர்கள் ஐந்து பேர். கரையிலிருந்த பீரங்கிகளும் திருப்பிச் சுட்டன, ஒன்றும் எம்டன் மேல் படவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. எம்டன் விளக்குகளை அணைத்துவிட்டு நழுவிவிட்டது, மறுநாளும் பின்னால் வானத்தில் புகை தெரிந்ததாக மாலுமிகள் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் மெட்ராஸ்? கல்கத்தா, பம்பாயெல்லாம் இருந்துச்சே?

எண்ணெய்த் தொட்டிகள் கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றது ஒரு காரணம். கல்கத்தாவுக்கு ஹூக்ளி ஆற்றுக்குள் நுழைந்து போக வேண்டும், உள்ளே போனால் வெளியே வருவது சந்தேகம். மெட்ராஸ் திறந்த கடற்கரை, சுட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடலாம்.

இன்னொரு காரணத்தை முல்லரே சொல்லியிருக்கிறார். இந்த ஊர் மக்களின் கண் முன்னால் ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பது, வணிகத்தைக் கலங்கடிப்பது. மண்ணெண்ணெய் எரிந்த நஷ்டம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் "கடலெல்லாம் எங்கள் கையில்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தூங்கி வழிந்ததை ஊரே பார்த்துவிட்டதே, வலித்தது அங்கேதான். கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, வங்காள விரிகுடாவில் சரக்குப் போக்குவரத்து கொஞ்ச நாளைக்கு அப்படியே நின்றது. முதல் உலகப் போரில் எதிரி தாக்கிய ஒரே இந்திய நகரம் என்ற பெயரும் மெட்ராசுக்கு வந்து சேர்ந்தது.

எம்டனுக்குப் பயந்து ஊரே காலியாயிடுச்சுன்னு எங்க பாட்டி சொல்வாங்க. அவங்க நேர்ல பாத்தவங்க. அது உண்மைதானே?

பாட்டி எந்த வருடம் பிறந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இந்தக் கேள்வியைக் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருடைய பாட்டி 1930 வாக்கில் பிறந்தவர்கள். 1914-ஐ அவர்கள் பார்த்திருக்கவே முடியாது.

1914-இலும் ஜனங்கள் ஓடியது உண்மைதான். மறுநாளிலிருந்து ரயிலடிகளில் கூட்டம், மூட்டை முடிச்சோடு வெளியூர் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பயணம், கடைகளில் பண்டங்களின் விலையேற்றம். ஆனால் உங்கள் பாட்டி சொல்லும் "வீட்டைப் பூட்டிட்டு மாசக்கணக்கா கிராமத்துல இருந்தோம், பள்ளிக்கூடம் மூடிட்டாங்க" கதை பெரும்பாலும் 1942 ஏப்ரலைச் சேர்ந்தது. ஜப்பான் விமானங்கள் அந்த மாதம் 5-ஆம் தேதி கொழும்பையும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசே நம்பி, முக்கியமான வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டது. அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. ஆக, பாட்டி பொய் சொல்லவில்லை, அவர்களுடைய அம்மா சொன்ன எம்டனும் அவர்கள் கண்ட ஜப்பான்காரனும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிட்டார்கள், அவ்வளவே.

அப்போ மிருகக்காட்சிச் சாலையில புலி சிங்கத்தையெல்லாம் சுட்டுக் கொன்னாங்கன்னு சொல்றது?

அதுவும் 1942. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புலி புகுந்துவிடும் என்று பயந்து, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த காட்சிச்சாலையின் ஆபத்தான மிருகங்களைப் போலீஸ் படையை விட்டுச் சுட்டார்கள். எம்டனுக்கும் அந்தப் புலிகளுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கோடையில் ஜப்பான் குண்டு மெட்ராசில் விழவுமில்லை என்பதுதான் இதில் கொடுமை. மறு வருடம், 1943 அக்டோபரில், ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது.

எம்டன் கேப்டன் ரொம்ப நல்லவர்னு சொல்றாங்களே. குண்டு போட்டவன் எப்படிங்க நல்லவன்?

நியாயமான கேள்வி. ஐந்து பேர் செத்திருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு "கனவான்" என்று புகழ்வது எனக்கும் ஒப்பவில்லை.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்களே. சரக்குக் கப்பல்களைப் பிடிக்கும்போது அதிலிருந்தவர்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலைப் பிடித்தபோது அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் அதில் இருந்தார்கள். சரி என்று அந்தக் கப்பலையே விட்டுவிட்டு, மற்றக் கப்பல்களில் பிடித்தவர்களையும் அதிலேயே ஏற்றி அனுப்பினார். விடைபெறும்போது கைதிகள் எம்டனுக்கு வாழ்த்துக் குரல் கொடுத்தார்களாம். மெட்ராசிலும் குறி தவறும் குண்டு ஊருக்குள் போகாதபடி நிற்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். சில குண்டுகள் போகத்தான் செய்தன, மதில் கல்லே சாட்சி.

பினாங்கில் நடந்தது வேறு மாதிரி. அக்டோபர் 28 விடியற்காலையில் அதே பொய்ப் புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை நின்ற இடத்திலேயே அடித்து மூழ்கடித்தது. அதன் தலைவர் அப்போது கப்பலிலேயே இல்லை, கரையில் இருந்தார். பல பேர் செத்தார்கள். வெளியே வரும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது, ஆனால் சுற்றிலும் எதிரி இருக்கும்போதே நின்று, தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டது. ஆக, நல்லவரா கெட்டவரா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

செண்பகராமன் பிள்ளை எம்டன்லதானே வந்தார்? இதை ஏன் யாரும் பாடப்புத்தகத்துல போடல?

சண்டை வரும் கேள்வி இது. பொறுமையாகப் படியுங்கள்.

செண்பகராமன் பிள்ளை நிஜமான ஆள், பெரிய ஆளும்கூட. 1891-இல் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார், இளம் வயதிலேயே ஐரோப்பா போனார், 1914-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக ஓர் அமைப்பு தொடங்கினார், போர் வந்ததும் பெர்லினுக்குப் போய் அங்கிருந்த இந்தியர் குழுவில் சேர்ந்தார். 1915-இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சர் என்று அவர் பெயர் இருக்கிறது. 1934-இல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தியை மனைவி முப்பது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்து, 1966-இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். எம்டன் சீனாவிலிருந்து கிளம்பியது ஜூலை 31 என்று மேலே சொன்னேன். அந்தக் கோடையில் பிள்ளை ஜூரிச்சில் இருந்தார், ஜெர்மன் தூதரக அதிகாரியோடு கடிதத் தொடர்பில் இருந்தார். போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாவிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் ஒளிந்து திரியும் ஒரு கப்பலைக் கண்டுபிடித்து, செப்டம்பருக்குள் ஏறிக்கொள்ள அவருக்கு வழியே இல்லை. விமானப் பயணம் இல்லாத காலம் அது. கப்பலில் இருந்து பிழைத்த அதிகாரிகள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், சலவைக்குச் சீனர்கள் இருந்தது வரை சொல்கிறார்கள், அப்படி ஓர் இந்தியரைச் சொல்லவில்லை. ஆகவே வரவில்லை என்பதுதான் என் முடிவு. ஜெர்மன்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்த ஒரு தமிழர், அதே வருடம் தமிழ்நாட்டைத் தாக்கிய ஒரு ஜெர்மன் கப்பல், இரண்டையும் கேட்ட மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. கோட்டைமேல் குண்டு விழாமல் பார்த்துக்கொண்டதே அவர்தான் என்று ஒருவர் என்னிடம் சாதித்தார். ஜூரிச்சும் பெர்லினும் காபூலும் அவருக்குப் போதாதா என்று கேட்டேன், பதிலில்லை.

அப்போ எம்டனுக்கும் இந்திய விடுதலைக்கும் தொடர்பே இல்லையா?

நேராக இல்லை, சுற்றி வந்து ஒன்று இருக்கிறது. எம்டனின் அதிகாரி லாட்டர்பாக் என்பவரை, பிடிபட்ட ஒரு நிலக்கரிக் கப்பலுக்குப் பொறுப்பாக அனுப்பியிருந்தார் முல்லர். அந்தக் கப்பல் ஆங்கிலேயர் கையில் மாட்ட, அவரைச் சிங்கப்பூரில் அடைத்தார்கள். அங்கே இருந்த இந்தியப் படைப் பிரிவு 1915 பிப்ரவரி 15 அன்று கலகம் செய்தது. கலகக்காரர்கள் சிறை முகாமைத் திறந்துவிட்டு ஜெர்மானியர்களைக் கூட வரச் சொன்னார்கள். பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள், லாட்டர்பாக்கும் சிலரும் அந்தக் குழப்பத்தில் தப்பித்து ஓடினார்கள்.

கலகம் அடங்கியதும் 47 சிப்பாய்களைப் பொது இடத்தில் கூட்டம் பார்க்க நிற்க வைத்துச் சுட்டார்கள். எம்டன் கதையைச் சுவாரசியமாகச் சொல்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இலங்கையில யாரோ எம்டனுக்கு மாட்டுக்கறி சப்ளை பண்ணாராமே?

பண்ணியதாகக் குற்றம் சாட்டினார்கள். எங்கெல்பிரெக்ட் என்று ஒரு போயர் இனத்தவர் (டச்சு வழி வந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்), தென்னாப்பிரிக்கப் போரில் கைதாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று மறுத்ததால் ஊருக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். யால வனவிலங்குக் காப்பிடத்தின் முதல் காவல் அதிகாரி அவர்தான்.

எம்டன் கொழும்பைச் சுற்றி வளைய வந்து கப்பல்களைப் பிடித்தபோது, "இவ்வளவு நாள் இவனுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது?" என்று புரளி கிளம்பியது. காட்டோரக் கடற்கரையில் தனியாக இருக்கும், மன்னருக்குத் தலை வணங்காத ஆளின் மேல் பழி விழுந்தது. சிறையில் போட்டார்கள். ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. யோசித்தால் தேவையும் இல்லை, பிடித்த கப்பல்களில்தான் எம்டனுக்கு அரிசி, மாவு, நிலக்கரி எல்லாமே இருந்ததே.

போர் நடக்கறதே தெரியாத தீவுக்குப் போனாங்கன்னு ஒரு கதை, நம்பலாமா?

நம்பலாம். அக்டோபர் 9 வாக்கில் டீகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். அது தென்னந்தோப்புத் தீவு, தந்தி கிடையாது, எப்போதாவதுதான் கப்பல் வரும். போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் அங்கே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. இவர்களும் சொல்லவில்லை. விருந்தாளி மாதிரி உபசரிப்பைப் பெற்றுக்கொண்டு, கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டு, பதிலுக்குத் தீவு மேலாளரின் பழுதான மோட்டார் படகையும் சரி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரக் கப்பல் கடைசில எப்படி மாட்டுச்சு?

தந்தியால். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார் முல்லர். நிலையத்தில் இருந்தவர்கள் வாசலில் அன்னியக் கப்பல் நிற்பதைப் பார்த்து, ஜெர்மானியர் இறங்கி வருவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார்கள். பொய்ப் புகைபோக்கி இந்த முறை எடுபடவில்லை. அதிர்ஷ்டம் எப்படிப் பாருங்கள், ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிச் சென்ற பெரிய கப்பல் வரிசை ஒன்று அன்றைக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் திரும்பியது. அதன் பீரங்கிகள் பெரியவை, தள்ளி நின்றே அடித்தன. எம்டன் உருக்குலைந்து, மூழ்காமலிருக்கப் பவளப்பாறை மேல் தானே ஏறி நின்றுவிட்டது. 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முல்லர் கைதானார், போர் முடிந்து 1923-இல் இறந்தார்.

இதே தீவில்தான் அந்த டென்னிஸ் கதையும். தந்திக் கம்பத்தை வெட்டிச் சாய்க்கும்போது தயவு செய்து எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் கேட்க, ஜெர்மானியர்கள் வேறு பக்கம் சாய்த்துக் கொடுத்தார்கள்.

கரைக்குப் போன அந்த ஐம்பது பேர் என்ன ஆனாங்க?

தங்கள் கப்பல் அடிபடுவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். தலைவர் பெயர் மூக்கே (ஆமாம், மூக்கே, என் நண்பர்கள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும்). சுமத்ராவின் பாடாங், அங்கிருந்து வேறு கப்பலில் ஏமன், பிறகு ஒட்டகத்தில் அரேபியப் பாலைவனம், நடுவில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு சண்டை, கடைசியில் ரயில் என்று 1915 மே மாதம் துருக்கித் தலைநகரை அடைந்தார்கள். தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டிய கதை அது.

"அவன் பெரிய எம்டன்"னு சொல்றது இதுல இருந்துதான் வந்துச்சா? எமன்ல இருந்து வந்ததுன்னு எங்க தமிழய்யா சொன்னாரே?

கப்பலிலிருந்துதான். சொல்லின் பொருளைப் பார்த்தாலே தெரியும்: தந்திரக்காரன், எதற்கும் துணிந்தவன், எப்போது எங்கே வந்து நிற்பான் என்று சொல்ல முடியாதவன். "எங்கப்பா ஒரு எம்டன்" என்றால் பயமும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. இரண்டு மாதம் இந்தியப் பெருங்கடலில் அந்தக் கப்பல் செய்ததும் அதேதான். மலையாளத்தில் 'எமண்டன்' ஆகி, பிரம்மாண்டமான எதற்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. எமண்டன் சக்கை என்றால் பெரிய பலாப்பழம்.

தமிழய்யாவையும் முழுக்கத் தள்ள மாட்டேன். எமன், எமகாதகன் என்று நமக்கு ஏற்கெனவே சொற்கள் இருந்தன. சாவைக் கொண்டுவந்த ஒன்றின் பெயரும் 'எம்' என்றே ஆரம்பித்தால் நாக்கு விடுமா? கப்பல் பெயர் வந்தது ஜெர்மனியிலிருந்து, அது நம்மிடம் ஒட்டிக்கொண்டதில் எமனுக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். சொல் எவ்வளவு தமிழாகிவிட்டது என்றாலும் அரசு கணக்கில் அது தமிழில்லை. 2006-இல் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்த ஒரு சினிமா, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காகப் பெயரை மாற்றிக்கொண்டது.

ஜெர்மனில இன்னும் எம்டன்னு குடும்பப் பேர் இருக்காமே?

இருக்கிறது. பிழைத்து வந்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள அரசு அனுமதித்தது, வாரிசுகளுக்கும் அது தொடர்ந்தது.

எங்க தாத்தா வீட்டுல பரண்ல ஒரு இரும்பு உருண்டை இருக்கு. எம்டன் குண்டுன்னு சொல்வாங்க. நிஜமா இருக்குமா?

உருண்டை என்றால் இல்லை. எம்டன் சுட்டவை உருளை வடிவமாக, முனை கூம்பிய நீளக் குண்டுகள். உருண்டையாக இருப்பது பழைய பீரங்கிக் குண்டு, பிரெஞ்சுக்காரனோ ஆங்கிலேயனோ ஐதர் அலியோ சண்டை போட்ட காலத்துச் சமாச்சாரமாக இருக்கலாம், அப்படியானால் எம்டனைவிட நூற்றைம்பது வருடம் மூத்தது. அரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள்.

நீளக் குண்டாக இருந்தால் குறுக்களவைப் பாருங்கள். 10.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நூலைச் சுற்றி அளந்தால் சுமார் 33 வரும். சிதறிய துண்டாக இருந்தால், கோட்டை அருங்காட்சியகத்தில் எம்டன் குண்டின் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள், போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு விஷயம், முழுசாக, மூக்கு உடையாமல் இருந்தால் தொடாதீர்கள், அளக்கவும் வேண்டாம், முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள். வெடிக்காத குண்டுக்கு வயது தெரியாது.